பின்கண்ணாடிப் பெயர்

இசக்கிச்செல்விக்குக் கோபத்தை வரவழைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். கடைக்குள் வந்து, மேசைமேல் போனை வைத்து, "யக்கா, அந்தக் குற்றாலம் ரோட்ட ஏத்திக் குடுங்க, நெட்டுல சும்மாதான கெடக்கு" என்றால் போதும். போனைத் தொடக்கூட மாட்டாள்.

"சும்மா கெடக்கா? எங்கன கெடக்கு, குப்பைத்தொட்டிலயா? ஒரு ஆளு ரெண்டு வருசம் ஒக்காந்து செஞ்சு, எல்லாரும் ஓட்டுங்கன்னு குடுத்திருக்கான். குடுத்திருக்கான்னு சொல்லுங்க."

வந்தவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "சரி, குடுத்திருக்கான்" என்று திருத்திச் சொன்ன பிறகுதான் அந்தப் போனில் கேபிள் ஏறும். இதற்குப் பயந்தே சில பேர் அடுத்த தெருக் கடைக்குப் போவார்கள். அங்கே ஏற்றினால் போனுக்குள் ஓடும் பஸ்ஸுக்குச் சக்கரம் இருக்காது. அல்லது பஸ் வெள்ளைவெளேர் என்று சலவை வேட்டி மாதிரி நிற்கும். இரண்டு நாளில் அவர்களும் தலையைச் சொறிந்துகொண்டு இவளிடமே வந்து சேர்வார்கள்.

தென்காசியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் பெரிய கோயிலுக்கும் நடுவே, ஒரு வளையல் கடைக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் இடையில் செருகி வைத்தது போல இருக்கிறது அவளுடைய மொபைல் சர்வீஸ் கடை. உடைந்த டிஸ்ப்ளேயை மாற்றுவதும், சார்ஜ் ஏறாத போனைச் சரிபண்ணுவதும், அருவிக்குப் போய்ப் போனோடு சேர்ந்து குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு அதைக் காயவைத்து உயிர் கொடுப்பதும்தான் தொழில். ஆனால் நாலு வருஷமாக ஊருக்குள் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மோட்.

மோட் என்றால் என்னவென்று கேட்கிறவர்களுக்கு அவள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறாள். போனில் பஸ் ஓட்டும் கேம் ஒன்று உண்டு. அதைச் செய்த கம்பெனி எங்கோ வெளிநாட்டில் இருக்கிறது. அவர்கள் கொடுத்த பஸ் அவர்கள் ஊர் பஸ், ரோடும் அவர்கள் ஊர் ரோடு. அதற்குள் நம் ஊர் ரோட்டையும் நம் ஊர் பஸ்ஸையும், அதன் ஹாரன் சத்தத்தையும்கூடச் செய்து நுழைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கம்பெனி அவர்களை வேலைக்கு வைக்கவில்லை. யாரும் செய்யச் சொல்லவில்லை. தங்கள் ஆசைக்குச் செய்து, ஊருக்கே கொடுக்கிறார்கள். அதுதான் மோட்.

"மண்டபத்துக்கு ட்யூப் லைட் குடுத்தவன் பேரு லைட்டு மேலயே இருக்கு, வெளிச்சம் வெளிய வராத அளவுக்கு. இம்புட்டையும் செஞ்சி குடுத்தவுக பேரு எங்கன இருக்கு? யாருக்காவது தெரியுமா?" என்று கேட்பாள். யாருக்கும் தெரியாது. அதற்கும் ஒரு கோபம் வரும்.

அவள் இதில் இறங்கியது புருஷனால். ஆலங்குளத்துப் பக்கம் நெல் போட்ட வீட்டில் பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, மேலகரத்து மாரிராஜைக் கட்டிக்கொண்டு வந்தவள். மாரிராஜ் ராணுவத்தில் இருக்கிறான். நாலு வருஷத்துக்கு முன்னால், குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிற மாதத்தில், அவனுக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குழந்தை ஆனந்தவள்ளிக்கு அப்போது இரண்டு வயது. அவன் போனில் கேட்டான்.

"ஏட்டி செல்வி, இங்கன என்கூட இருக்க ஒரு கொல்லத்துக்காரன் பஸ் கேம்ல அவன் ஊரு ரோட்டுலயே ஓட்டிட்டு இருக்கான். நம்ம ஊருக்கு அது மாரி இருக்கான்னு தேடிப் பாரு."

தேடினாள். இருந்தது. 'வடகரை கேரேஜ்' என்ற பெயரில் யாரோ தென்காசியிலிருந்து குற்றாலம் வரை ரோட்டையும் அதில் ஓடும் ஒரு பஸ்ஸையும் செய்து போட்டிருந்தார்கள். எடுத்து ஏற்றினாள், கேம் திறக்கவில்லை. மறுபடியும் ஏற்றினாள், பஸ் அந்தரத்தில் தொங்கியது. மூன்றாவது தடவை கேமே மூடிக்கொண்டது. அப்புறம்தான் கூட வந்திருந்த சின்ன எழுத்து பைல் அவள் கண்ணில் பட்டது. அதுவரை அதை அவள் திறக்கவேயில்லை. படித்த பெண்தான், ஆனாலும் எல்லோரையும் போலத்தானே.

'அவசரப்படாதீர்கள்' என்று ஆரம்பித்திருந்தது அது. 'நீங்கள் போல்டருக்குள் போல்டராக வைத்திருப்பீர்கள். உள்ளே இருப்பதை மட்டும் வெளியே எடுங்கள். பஸ் அந்தரத்தில் நின்றால் ரோடு இன்னும் ஏறவில்லை என்று அர்த்தம். பயப்பட வேண்டாம், போன் கெட்டுப்போகாது.'

இசக்கிச்செல்விக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் செய்த தப்பு அத்தனையும் வரிசையாக அதில் இருந்தது. காலேஜில் மூன்று வருஷம் பாடம் எடுத்த யாரும் அவளிடம் இவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை. கடைசியில் ஒரு வரி இருந்தது: 'எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். செய்தவர் பெயரை மட்டும் எடுக்காதீர்கள்.'

ரோடு திறந்ததும் அவள் கண்ணை நம்பவில்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில் பூக்காரி, மேலகரத்துத் திருப்பம், அது தாண்டியதும் திடீரென்று எதிரே எழுந்து நிற்கும் மலை, மலை உச்சியில் மேகம். நன்னகரம் வந்ததும் பஸ் கண்ணாடியில் சாரல் விழுந்து, வைப்பர் தானாக ஆட ஆரம்பித்தது. குற்றாலத்தில் சிப்ஸ் கடைகளில் நேந்திரங்குலை தொங்கியது. ஒரு குரங்கு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து எதையோ பறித்துத் தின்றது. அவள் அப்போதே மாரிராஜுக்கு அனுப்பினாள். அன்றிலிருந்து சாயங்காலம் வேலை முடிந்ததும் அவன் தென்காசியில் பஸ் ஏறுவான். "நன்னகரம் வந்துட்டேம்ட்டி, சாரல் அடிக்கு" என்று போனில் சொல்வான். அங்கே வெளியே பனி விழுந்துகொண்டிருக்கும்.

அந்த பஸ்ஸின் பின்கண்ணாடியில் மஞ்சள் எழுத்தில் 'ஹம்னா' என்று இருந்தது. நம் பக்கத்தில் இதைப் பார்த்து யாரும் யோசிக்க மாட்டார்கள். மினி பஸ்ஸானாலும் வேனானாலும் தேங்காய் ஏற்றும் லாரியானாலும், பின்னால் முதலாளியின் பிள்ளைகள் பெயர் இருக்கும். ஆகவே வடகரையில் இதைச் செய்த தம்பிக்கு ஹம்னா என்று ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்று இசக்கிச்செல்வி முடிவு கட்டிக்கொண்டாள். அந்தத் தம்பி தன் மகள் பெயரை எழுதினான், நாம் நம் மகள் பெயரை எழுதுவோம் என்று, ஹம்னாவை அழித்து 'ஆனந்தவள்ளி' என்று எழுதி அனுப்பினாள். மாரிராஜ் அன்றைக்கு ஒரே மூச்சில் மூன்று தடவை குற்றாலத்துக்கு ஓட்டிவிட்டு வந்தான்.

பிறகு இது கடையின் வழக்கமாகிவிட்டது. மோட் ஏற்ற வருகிறவர்களிடம், "கண்ணாடில பேரு எழுதணுமா?" என்று கேட்பாள். எல்லோரும் சொந்தப் பிள்ளையின் பெயரையோ குலசாமியின் பெயரையோ சொல்வார்கள். எழுதிக் கொடுப்பாள். கேமுக்கு வேண்டிய பைலை மட்டும் போனில் போடுவாள். அந்த எழுத்து பைலைப் போடமாட்டாள். அதை இவர்கள் எங்கே படிக்கப் போகிறார்கள் என்று நினைப்பு. ஆனால் ஒவ்வொரு தடவையும் மறக்காமல் வடகரை கேரேஜின் இணையப் பக்கத்துக்குப் போய், 'நன்றி தம்பி. உங்கள் ரோட்டை இன்றைக்கும் ஒருவருக்கு ஏற்றிக் கொடுத்தேன். ஹம்னா பாப்பா நல்லா இருக்காளா?' என்று எழுதுவாள். மற்றவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் உட்கார்ந்து பதில் போடுகிற வடகரை கேரேஜ், இவளுக்கு மட்டும் ஒரு பதிலும் போட்டதில்லை. தம்பிக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் சீசன் சூடுபிடித்த வாரம், ஒரு மத்தியானம் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பைல்கள் ஒன்றும் இல்லை. ரோடு இல்லை, பஸ் இல்லை. மூன்றே வரி இருந்தது. 'குற்றாலத்தில் என் ரோட்டை வேறொருவர் தன் பெயரில் ஓட்டிக் காட்டுகிறார். கேட்டால் சிரிக்கிறார். இனி நான் எதுவும் போடுவதாக இல்லை.'

இசக்கிச்செல்வி கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் எறிந்தாள். ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் கேட்டது. கோபத்துக்குப் பின்னால் ஒரு பயமும் இருந்தது. அடுத்த மாதம் அந்த கேமைக் கம்பெனி புதுப்பிக்கப் போவதாக அறிவித்திருந்தார்கள். புதுப்பித்தால் பழைய மோட் திறக்காது. செய்தவரே உட்கார்ந்து திருத்தி, மறுபடி போட்டால்தான் உண்டு. அவர் போடவில்லையென்றால் மாரிராஜுக்கு நன்னகரமும் இல்லை, சாரலும் இல்லை. எவனோ ஒருத்தன் பெருமையடித்துக்கொள்வதற்காக இத்தனை பேருடைய ரோடு அடைபட வேண்டுமா? 

சனிக்கிழமை கடையை அடைத்துவிட்டுக் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினாள்.

அருவிக்குப் போகும் வழியில், கூட்டம் நெரியும் இடத்தில், சீசன் கடைகளோடு ஒரு கடையாக அது இருந்தது. பெரிய டிவி, ஸ்டீயரிங், பழைய பஸ்ஸிலிருந்து கழற்றி வந்த டிரைவர் சீட்டு. மேலே ஒரு பேனர்: 'குற்றாலத்தை நீங்களே ஓட்டிப் பாருங்கள். உருவாக்கம்: புவனேஷ்.' கறுப்பு டீ-சர்ட் போட்டு, காதோரம் மைக் மாட்டிய ஒரு இளவட்டம், "ரெண்டு வருச உழைப்புங்க, ஒவ்வொரு கல்லும் நான் வச்சது" என்று கூவிக்கொண்டிருந்தான். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த குடும்பங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தன.

இசக்கிச்செல்வி நேரே போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஒவ்வொரு கல்லும் நீங்க வச்சதா தம்பி?"

"ஆமக்கா."

"பொம்பளைய குளிக்குத பக்கமும்?"

"எல்லாமேதான்."

அவள் பஸ்ஸை ஓட்டவில்லை. கேமில் கேமராவை மட்டும் தனியாகப் பறக்கவிட ஒரு வழி உண்டு. அதைத் தட்டி, அருவிக்கரைக்குப் போய், பெண்கள் உடை மாற்றும் இடத்துச் சுவரைத் தாண்டி உள்ளே இறக்கினாள். இதை அவள் இரண்டு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்து, செய்தவரின் நுணுக்கத்தை நினைத்து வியந்திருந்தாள். தம்பி தன் வீட்டுக்காரியிடம் கேட்டுச் செய்திருப்பான் என்று எண்ணியிருந்தாள். உள்ளே கொடியில் ஈரப் பாவாடைகள் தொங்கின. மூலையில், குவிந்து கிடந்த பைகளுக்கு நடுவே, காய்ந்த சேலையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தா இருக்காள்லா, இவ யாரு? எதுக்கு இங்கன ஒக்காந்திருக்கா?"

புவனேஷ் டிவியைப் பார்த்தான். அந்த இடத்தை அவன் முதல் தடவையாகப் பார்க்கிறான் என்பது அவன் மூஞ்சியிலேயே தெரிந்தது.

"அவங்க... அங்க டூட்டி பாக்கிறவங்க. டோக்கன் குடுக்கிறவங்க."

கூட்டத்தில் இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். மதுரைப் பக்கத்துக்காரி போலிருந்த ஒருத்தி, "டோக்கனா? ஏப்பா, கூட வந்தும் அன்னைக்குக் குளிக்க முடியாத ஒருத்தி எல்லாக் குடும்பத்துலயும் இருப்பா. அவதான் பைக்குக் காவல்" என்று உரக்கச் சொன்னாள். பக்கத்தில் நின்ற ஆண்கள் மேகத்தைப் பார்த்தார்கள்.

"ஒவ்வொரு கல்லும் வச்சவனுக்கு இது தெரியல" என்றாள் இசக்கிச்செல்வி.  "ஒருத்தரு ராவும் பகலும் ஒக்காந்து செஞ்சத எடுத்து, அவரு பேர அழிச்சிட்டு ஒன் பேர எழுதிருக்க. வெக்கமா இல்ல? ஒன்னால இன்னைக்கு அவரு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாரு. செஞ்சவரு பேர அழிக்க ஒனக்கு எப்பிடிலே கை வந்துச்சி?"

புவனேஷ் மைக்கைக் கழற்றினான். அவளை உற்றுப் பார்த்தான்.

"நீங்க தென்காசில கடை வச்சிருக்க அக்காதான?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்ப நான் அழிக்கலக்கா. நீங்கதான் அழிச்சிய."

அவன் டிவியில் பஸ்ஸைத் திருப்பி, அதன் பின்பக்கத்தைக் காட்டினான். கண்ணாடியில் 'புவனேஷ்' என்று இருந்தது. மஞ்சள் எழுத்து, சுற்றிலும் சிவப்புக் கோடு. கடையில் அவள் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கும் அதே எழுத்து.

"ஒங்க கடைல ஏத்துனதுதான் இது. பேரு எழுதணுமான்னு நீங்கதான் கேட்டிய. ஏற்கெனவே ஹம்னான்னு இருக்கேன்னு கேட்டேன். அது செஞ்சவரு மக பேரு, அத எடுத்துட்டு ஒம்பேர எழுதுதேன்னு சொன்னிய. வேற பேரே அதுல இல்ல. ஆளு பேரு தெரியாததுக்கு நான் யாரு பேர போடுவேன்?"

எடுத்தவன் தன் பெயரை ஏன் போட வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டிருக்கலாம். அதைத்தான் அவன் கன்னத்தில் அறைந்து கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் கேமராவை மறுபடியும் அந்தச் சுவருக்குள் இறக்கினாள். அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பைகளுக்கு நடுவே அந்தப் பெண். எந்த ஆணும் போய்ப் பார்க்க முடியாத இடம், எந்த ஆணும் யோசிக்காத ஒரு ஆள். கண்ணாடியில் முதலில் இருந்த ஹம்னா. 'செய்தவர் பெயரை மட்டும் எடுக்காதீர்கள்.'

செய்தவர் பெயர்தான் அது. தம்பியும் இல்லை, தம்பி மகளும் இல்லை. முதன்முதலில் அதை அழித்தது அவள் கைதான். அதற்குப் பிறகும் எத்தனை தடவை, சிரித்துக்கொண்டே, பிள்ளை பெயர் என்ன என்று கேட்டுக் கேட்டு அழித்திருக்கிறாள்! சீட்டை விட்டு எழுந்து, யாரையும் பார்க்காமல், சாரலில் நனைந்துகொண்டே பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

மறுநாள் அந்த எழுத்து பைலின் அடியில் இருந்த மெயில் முகவரிக்கு நடந்ததை எல்லாம் எழுதினாள். ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு போன் நம்பரும், 'நேரில் வாருங்கள்' என்ற இரண்டு வார்த்தையும் பதிலாக வந்தன.

வடகரையில் தேங்காய் மண்டிக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. ஹம்னாவைப் பெற்ற உம்மா கதவைத் திறந்து, மாடிக்குப் போகச் சொல்லிவிட்டு, டீ போட உள்ளே போனார். மாடியில் ஒரு பழைய லேப்டாப், அதன் கீபோர்டு செத்துப்போனதால் தனியாக ஒட்டவைத்த இன்னொன்று. சுவர் முழுக்கப் புகைப்படங்கள். எல்லாம் பஸ் ஜன்னலிலிருந்து எடுத்தவை. குற்றாலத்தில் பெண்கள் காலேஜுக்கு மூன்று வருஷம் போய்வந்தபோது எடுத்தவை என்று பிறகு தெரிந்தது. லேப்டாப் முன்னால் இருந்தவள் எழுந்திருக்கவில்லை.

"நீங்கதான் அந்த 'நன்றி தம்பி'யா?"

"ஆமாம்மா."

"என் பேருதான் ஹம்னா. பாப்பா இல்ல. இருவத்தாறு வயசாகுது."

"எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா—"

"எப்பிடித் தெரியாது?" ஹம்னாவின் குரல் எழும்பியது. "நீங்களும் பொம்பளதான? ஸ்க்ரூடிரைவரும் கையுமா ஒக்காந்திருப்பிய. கடைக்கு வாரவன் ஒங்க கிட்டயே, 'மெக்கானிக் எங்க'ன்னு கேப்பான்லா? கேட்டா ஒங்களுக்கு எப்பிடி இருக்கும்? அதையேதான நீங்க எனக்குச் செஞ்சிய? ஒரு ஆம்பளதான் செஞ்சிருப்பான், பின்னால இருக்கது அவன் மக பேரு. அவ்வளவுதான் ஒங்களுக்குத் தோணிருக்கு. மொத தடவ 'பாப்பா நல்லா இருக்காளா'ன்னு கேட்டப்ப சிரிச்சேன். பெறவு ஒவ்வொரு தடவயும் வயிறு எரிஞ்சிச்சி. நானா சொல்லக் கூடாது, யாராவது ஒருத்தருக்காவது தானா தோணுதான்னு பாப்போம்னு வீம்புக்கு இருந்தேன்."

இசக்கிச்செல்வி நின்றபடியே இருந்தாள். கடையில் போன வாரம்கூட ஒருத்தர் அப்படிக் கேட்டதும், அவள் அவரைப் பிடித்துக் கிழித்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அந்தப் பையன் திருடன்" என்றாள் ஹம்னா. "அவன் மேல உள்ள கோவம் ரெண்டு நாளு இருக்கும். ஒங்க மேல உள்ளது போகாது. ஏன் தெரியுமா? நான் எழுதி வச்சத யாருமே படிக்கதில்ல. படிச்சது நீங்க ஒரு ஆளுதான். பெயரை எடுக்காதீர்கள்ன்னு படிச்சிட்டுல்லா எடுத்திருக்கிய."

உம்மா கொண்டு வந்த டீ ஆறிப்போனது. மன்னிப்பு என்ற வார்த்தையை இசக்கிச்செல்வி வாய்வரை கொண்டு வந்து விழுங்கினாள். அதைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போவது ரொம்பச் சுலபமாக அவளுக்குப் பட்டது.

"நான் இப்ப என்ன செய்யணும்?"

"எத்தன போன்ல அழிச்சியளோ, அத்தன போன்லயும் எழுதுங்க. ரோட்டத் திரும்பப் போடுவனான்னு இப்பக் கேக்காதீய."

அவள் கேட்கவில்லை.

கடை வாசலில் அட்டை தொங்கியது: 'குற்றாலம் ரோடு ஏற்றியவர்கள் போனைக் கொண்டு வரவும். பெயர் திருத்த வேண்டும்.' வராதவர்களுக்குப் போன் போட்டாள். வந்தவர்களில் பாதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள். எங்க பையன் பேர அழிக்கணுமா, நீங்கதான எழுதுனிய, பேருல என்னக்கா இருக்கு, வண்டி ஓடுதுல்லா என்றார்கள். முன்பென்றால் இந்தக் கடைசி வார்த்தைக்கு அவள் மேசையைத் தாண்டி வந்திருப்பாள். இப்போது ஒவ்வொருவரிடமும், "நான் தப்பா எழுதிட்டேன், குடுங்க" என்று கையை நீட்டினாள். இரண்டு வாரத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டது. புவனேஷ் பேனரில் 'உருவாக்கம்' என்ற இடத்தில் ஒரு தாளை ஒட்டி 'வழங்குபவர்' என்று மாற்றிக்கொண்டதாகக் கேள்விப்பட்டாள். அவனுக்கு அவ்வளவுதான் ரோஷம்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது மாரிராஜிடம் சொல்வது.

"பாப்பா பேருல்லா அது" என்றான் அவன். "நாலு வருசமா அந்தப் பேரப் பாத்துக்கிட்டுதாம்ட்டி இருக்கேன்."

"பாப்பா பேரு பாப்பாகிட்ட பத்திரமா இருக்கு. அது வண்டியச் செஞ்சவ பேரு இருக்க வேண்டிய எடம். நான் புதுசா அனுப்புதேன், பழச அழிச்சிருங்க."

அவன் முனகினான். ஆனால் அழித்தான்.

கேம் புதுப்பிக்கப்பட்டது. சொன்னபடியே பழைய ரோடு எல்லோருடைய போனிலும் அடைபட்டது. ஒரு வாரம் மாரிராஜ் சாயங்காலத்தில் கூப்பிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு, வேறு பேச்சு இல்லாமல் வைத்துவிடுவான். எட்டாம் நாள் காலை, கடையைத் திறந்து விளக்கேற்றியதும், அவளுக்கு ஒரு மெயில் வந்தது. புது ரோடு. இந்தத் தடவை குற்றாலத்தோடு நிற்காமல் ஐந்தருவி வரைக்கும் போயிருந்தது. 'வடகரை கேரேஜ்' என்ற பெயரே இல்லை. அவள் முதலில் எழுத்து பைலைத் திறந்தாள்.

'ரோடும் பஸ்ஸும் செய்தவர்: ஹம்னா, வடகரை.

எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். என் பெயரை எடுக்காதீர்கள்.

இதற்கு முன் அதை எடுத்தவர்: இசக்கிச்செல்வி, மொபைல் சர்வீஸ், தென்காசி.'

அவளுக்குக் காது இரண்டும் சூடேறியது. இவ்வளவு செய்த பிறகுமா? எத்தனை பேர் வாயில் விழுந்து, எத்தனை போனைத் திருத்தி, கட்டின புருஷனையே வருத்தப்பட வைத்து! திருடின பையன் பெயரைக் காணோம், அவள் பெயர் மட்டும் ஊர் பெயரோடு நிற்கிறது. எழுத்து பைல் இல்லாவிட்டாலும் கேம் நன்றாக ஓடும். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. அவள் விரல் அந்த வரிமேல் போய் நின்றது.

அந்த நேரம் பார்த்து மினி பஸ் ஓட்டும் பிச்சுமணி உள்ளே வந்தார். ஐம்பது வயசுக்காரர், பகலெல்லாம் நிஜ பஸ்ஸை ஓட்டிவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் போன் பஸ்ஸை ஓட்டுகிறவர்.

"தங்கச்சி, குற்றாலம் ரோடு மறுபடி தொறந்துட்டுன்னு சொல்லுதாவ. ஏத்திக் குடு."

இசக்கிச்செல்வி அவர் போனை வாங்கினாள். ரோட்டை ஏற்றினாள், பஸ்ஸை ஏற்றினாள். பெயர் எழுதணுமா என்று கேட்கவில்லை. பிறகு எழுத்து பைலையும் அப்படியே ஏற்றி, திறந்ததும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் வைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

"இதப் படிங்க அண்ணாச்சி. படிச்சாத்தான் வண்டி."

பிச்சுமணி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மனசுக்குள் படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, ஒம்பேர இழுத்து அசிங்கமா எழுதிருக்கு? யாரு இவ? அழிச்சிரட்டுமா?"

"கைய வச்சிராதீய! உள்ளதத்தான் எழுதிருக்கா. மொத வரில இருந்து, வாய்விட்டுப் படிங்க."

அவர் படித்தார். ஹம்னா, வடகரை என்று நிறுத்தி நிதானமாகத்தான் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும், வாசலில் இரண்டு பேர் போனோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, அவளுக்காகக் குரலைத் தாழ்த்தினார்.

"சத்தமா, அண்ணாச்சி" என்றாள் இசக்கிச்செல்வி.